திகில் பட போஸ்டர்கள் ஐந்து: சுவரில் எது நிற்கும், மறுஅச்சில் எது சாகும்

இணையக் கடைகளில் ‘ஹாரர் போஸ்டர்’ என்று தட்டினால் திரும்பத் திரும்ப வந்து நிற்பவை சில படங்கள்தான்: 1973இல் வந்த ‘தி எக்ஸார்சிஸ்ட்’, 1975இன் ‘ஜாஸ்’, 1979இன் ‘ஏலியன்’, 1980இன் ‘தி ஷைனிங்’, 1991இன் ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’. ஐந்துமே அமெரிக்க, பிரிட்டிஷ் திரையுலகின் பழைய சரக்கு. இன்னும் விலைபோகின்றன.

இந்த விமர்சனம் படங்களைப் பற்றியதல்ல, தாளைப் பற்றியது. போஸ்டர் எந்த உத்தியால் ஆளை இழுக்கிறது, அந்த உத்தி தாளில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, வாங்கும் மறுஅச்சில் அந்த இடம் பிழைத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. திகில் போஸ்டரில் பெரும்பாலும் வேலை செய்வது இருட்டு. மட்டமான அச்சில் முதலில் கெடுவதும் அதே இருட்டு. காதல் பட போஸ்டரில் கறுப்பு கொஞ்சம் சாம்பலானால் யாருக்கும் தெரியாது. இங்கே கறுப்பு போனால் போஸ்டரே போச்சு.

எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல். மூன்று மீட்டர் தள்ளி நின்றால் கண் முதலில் எங்கே விழுகிறது? கைபேசியில் கட்டைவிரல் அகலத்துக்குச் சுருக்கினால் என்ன மிஞ்சுகிறது? நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்கினால் உருவம் நிற்கிறதா? மூன்றிலும் தேறும் போஸ்டர் அரிது. கடைசிச் சோதனையில்தான் இன்றைய போஸ்டர்களில் பல கவிழ்கின்றன, நிறத்தை மட்டும் நம்பி நிற்பதால்.

எக்ஸார்சிஸ்ட்

வடிவமைத்தவர் பில் கோல்ட். படத்தின் ஒரு காட்சியையே எடுத்துப் போஸ்டராக்கியிருக்கிறார்: வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதி, இரவு, பனிமூட்டம், தெருவிளக்கு, தொப்பியும் கைப்பெட்டியுமாக நிற்கும் ஓர் ஆள், மேல்மாடி ஜன்னலிலிருந்து இறங்கும் ஒளிக்கற்றை. அந்தக் காட்சிக்கே தூண்டுதல் பெல்ஜிய ஓவியர் ரெனே மக்ரித்தின் ‘ஒளியின் பேரரசு’ ஓவியங்கள்தான். பகல் வானத்துக்குக் கீழே இரவுத் தெருவை வைத்து வரைந்தவை அவை.

இதன் சாமர்த்தியம் வெளிச்சத்தைத் திருப்பிப்போட்டதில் இருக்கிறது. வழக்கமாக இருட்டில் ஆபத்து இருக்கும், வெளிச்சம் பாதுகாப்பு. இங்கே வெளிச்சம் வரும் ஜன்னல்தான் ஆபத்து. ஆள் நிற்கும் இருட்டுத் தெரு பத்திரமான இடம். பார்ப்பவர் இதை யோசித்துப் புரிந்துகொள்வதில்லை. கண் வெளிச்சத்துக்குப் போகிறது, போன இடத்தில் நிம்மதி கிடைக்காமல் திரும்பி ஆளிடம் வருகிறது. அவருக்கோ முகமே இல்லை, வெறும் கருநிழல். மறுபடி ஜன்னல். இந்தப் போக்குவரத்துதான் ஆளை நிறுத்திவைக்கிறது.

பேய் பிடித்த சிறுமி போஸ்டரில் எங்கும் இல்லை. அவள் எழுத்தில் மட்டும் வருகிறாள். இந்தத் தெருவில், இந்த வீட்டில், ஒரு பெண்ணுக்குப் புத்திக்கு எட்டாத ஏதோ நடக்கிறது. கடைசி வழியாக ஒருவரை வரவழைத்திருக்கிறார்கள் என்று போகிறது வாசகம். தெரு, வீடு என்று கேமரா நெருங்குவதைப்போல வாசகம் நெருங்குகிறது. படமோ தெருவிலேயே நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை நிரப்புவது பார்ப்பவரின் பயம். வாசகத்தை நீக்கிவிட்டு ‘மினிமல் எடிஷன்’ என்று விற்கும் அச்சுகளை வாங்க வேண்டாம் என்பதற்கு இதுவே காரணம். வாசகம் போனால் மிஞ்சுவது அழகான ஒரு மழைக்காலப் புகைப்படம்.

மறுஅச்சில் இந்த ஐந்திலேயே அதிகம் அடிவாங்குவதும் இதுதான். விளக்கைச் சுற்றிய பனிமூட்டத்தைப் பாருங்கள். வெள்ளையிலிருந்து சாம்பலுக்கும் சாம்பலிலிருந்து கறுப்புக்கும் படி தெரியாமல் இறங்க வேண்டும். இணையத்திலிருந்து இறக்கிய ஜேபெக் கோப்பை அப்படியே பெரிதாக்கினால் அந்த இறக்கம் உடைந்து, விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகப் பட்டைகள் தெரியும். தெரிந்த அச்சகத்தார் கோப்பில் 2, 3 சதவீதம் மணல்போன்ற பொடிப்புள்ளிகளை (நாய்ஸ்) சேர்த்து இதை மறைப்பார்கள்; பழைய புகைப்படம் என்பதால் உறுத்தாது. அடுத்த கோளாறு நிழல் அடைத்துக்கொள்வது. ஆளின் தொப்பி விளிம்பும் பின்னாலுள்ள இருட்டும் ஒன்றாகிவிட்டால் அவர் ஆளாகத் தெரியாமல் கம்பமாகத் தெரிவார். வாங்குமுன் விற்பவரிடம் விளக்கும் தொப்பியும் உள்ள பகுதியை மட்டும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் வேறு கடை.

தலைப்பு ஊதா. அதில் கலந்துள்ள மஜெந்தா (கருஞ்சிவப்பு மை) வெயிலில் வெளுக்கக்கூடியது. வெளுத்தால் ஊதா நீலமாகச் சாயும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டக்கூடாத போஸ்டர் இது. 24க்கு 36 அங்குலத்துக்குக் கீழே வாங்கினால் பணம் வீண். ஏ3இல் ஆள் சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்கிவிடுவார், வாசகத்தையும் படிக்க முடியாது.

ஜாஸ்

திரைக்காக வரைந்த படமே அல்ல இது. படத்துக்கு மூலமான நாவல் முதலில் 1974இல் கெட்டி அட்டையில் வந்தது. பிறகு பேண்டம் நிறுவனம் மலிவுப் பதிப்பு போட்டபோது அதன் அட்டைக்காக ரோஜர் காஸ்டெல் தீட்டினார். சுறாவுக்கு நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் படமெடுத்துவந்து பார்த்துக்கொண்டார். அட்டை பிடித்துப்போய்ப் பட நிறுவனமான யூனிவர்சல் அதையே போஸ்டராக எடுத்துக்கொண்டது. மூல ஓவியம் பின்னாளில் காணாமல் போய்விட்டது, இன்றுவரை கிடைக்கவில்லை. ஆகவே இன்று விற்கும் ஒவ்வொரு ஜாஸ் போஸ்டரும் அச்சைப் பார்த்து எடுத்த அச்சுதான். உண்மையான வண்ணம் இதுதான் என்று யார் சொன்னாலும் நம்பிவிட வேண்டாம்.

உத்தி முழுக்க வடிவியல். மேலே சிவப்பில் நான்கே எழுத்துத் தலைப்பு. அதற்குக் கீழே படுக்கைவாட்டில் நீந்தும் பெண். அடியிலிருந்து செங்குத்தாக எழும்பும் சுறா, மூக்கு முக்கோணமாக மேலே நீட்டிக்கொண்டு. தண்ணீரைக் கத்தியால் வெட்டிப் பக்கவாட்டில் காட்டுவதுபோன்ற கோணம் என்பதால், அவளுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரிகிறது. அளவில் அப்பட்டமான பொய்: எந்தச் சுறாவுக்கும் மனித உடலோடு ஒப்பிட்டால் அவ்வளவு பெரிய தலை கிடையாது. யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் தெரிவது தலை மட்டும். உடம்பு எங்கே முடிகிறது என்பதைத் தாளின் அடிவிளிம்பு வெட்டிவிடுகிறது.

இதில் உண்மையில் மிரட்டுவது பல் அல்ல. சுறாவின் மூக்குக்கும் பெண்ணுக்கும் நடுவில் விட்ட நீல வெளி. கடித்துவிட்டால் கதை முடிந்துபோகும். கடிக்கப்போகும் கணத்தைப் பிடித்து நிறுத்தியதால்தான் ஐம்பது ஆண்டாகியும் அவளுக்கு யாராவது குரல் கொடுக்க வேண்டும்போல இருக்கிறது. இதைப் பார்த்துச் செய்த நகல் போஸ்டர்கள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை தவறுவது இந்த இடத்தில்தான்: இடைவெளியைக் குறைத்துவிடுவார்கள், அல்லது ரத்தத்தைச் சேர்த்துவிடுவார்கள்.

வண்ணங்கள் எளிமையானவை, கறுப்பின் மீது பாரமில்லை. மலிவான அச்சிலும் தாக்குப்பிடிக்கும், ஏ3 வரை சுருங்கினாலும் வேலை செய்யும். கறுப்பு வெள்ளைச் சோதனையில் முதல் மதிப்பெண். தோற்பது ஓர் இடத்தில் மட்டும்: ஓடிடி தளத்தின் படுக்கைவாட்டுச் சின்னப் பெட்டியில் இந்தப் படம் நுழையாது. நெடுக்குவாட்டில் எழும்பும் சுறாவைப் பதினாறுக்கு ஒன்பது சட்டத்தில் வெட்டினால் பெண் இருப்பாள், சுறா இருக்காது. சுறா இருந்தால் தலைப்பு இருக்காது.

வாங்கும்போது பற்களைப் பாருங்கள். காஸ்டெல் வரைந்த பற்கள் ஒழுங்கற்றவை, ஒன்று சாய்ந்து ஒன்று நிமிர்ந்து. சின்னக் கோப்பை மென்பொருளால் ஊதிப் பெரிதாக்கிய அச்சில் அவை ஒரே அளவு ஓடுகளாக வழுவழுவென்று வரிசைகட்டி நிற்கும். தண்ணீரில் தூரிகைத் தடமும் மறைந்து மெழுகு பூசியதுபோல ஆகிவிடும்.

ஏலியன்

கறுப்பு வானம், நடுவில் வெடித்த முட்டை, வெடிப்பிலிருந்து கசியும் பச்சை ஒளி. பிலிப் கிப்ஸ் வடிவமைத்தது. ‘விண்வெளியில் அலறினால் எவருக்கும் கேட்காது’ என்ற பொருள்படும் வாசகத்தை எழுதியவர் பார்பரா கிப்ஸ். படத்தில் வரும் முட்டை சுவிஸ் ஓவியர் ஹெச்.ஆர். கிகரின் கற்பனை, தோல்போர்த்தியது. போஸ்டர் முட்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதில் நஷ்டம் எதுவும் இல்லை. கோழிமுட்டையை எல்லோருக்கும் தெரியும். தெரிந்த பொருளில் தெரியாத வெளிச்சம் வந்தால்தான் அச்சம்.

மேலே ஐந்து எழுத்துகளை அகல விலக்கி வைத்திருப்பதைக் கவனியுங்கள். ஓர் எழுத்திலிருந்து அடுத்ததுக்குப் போக கண் வெற்றிடத்தைத் தாண்ட வேண்டும், விண்வெளியின் வெறுமை அங்கேயே தொடங்கிவிடுகிறது. மறுஅச்சுக்காரர்கள் சிலர் தலைப்பைத் தாங்களே புதிதாகத் தட்டச்சு செய்து இடைவெளியைக் குறுக்கிவிடுகிறார்கள். அந்த அச்சைத் தொடவே வேண்டாம்.

இங்கே கறுப்பின் தரம்தான் எல்லாம். ஆஃப்செட்டிலோ (தகடு வைத்து அடிக்கும் அச்சு) டிஜிட்டலிலோ வெறும் கறுப்பு மையை நூறு சதவீதம் அடித்தால் பெரிய பரப்பில் அது சாம்பல் படிந்த கறுப்பாகத்தான் வரும். சயான் (நீல மை) 60, மஜெந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்று கலந்தால்தான் ஆழம் கிடைக்கும். மொத்த மை 240 சதவீதம், நல்ல ஆர்ட் பேப்பர் தாங்கும். 300ஐத் தாண்டினால் மை காயாது, அடுக்கிவைத்த தாள்களின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். கலவைக் கறுப்பில் இன்னொரு சிக்கல், அடியிலுள்ள பொடி எழுத்துப் பெயர்ப்பட்டியல். நான்கு மையும் ஒரு மயிரிழை விலகினாலும் வெள்ளை எழுத்தின் ஓரத்தில் சிவப்போ நீலமோ எட்டிப்பார்க்கும், அல்லது எழுத்தே அடைத்துக்கொள்ளும். பெயர்ப்பட்டியலைப் படிக்க முடிகிறதா என்பது அச்சின் தரத்துக்கு ஒரே பார்வையில் கிடைக்கும் சான்று.

பச்சையைப் பற்றி ஓர் எச்சரிக்கை: கைபேசித் திரையில் ஒளிரும் அந்தப் பச்சை நான்கு மை அச்சில் வரவே வராது. திரை ஒளியை உமிழ்கிறது, தாள் ஒளியைத் திருப்புகிறது. கொஞ்சம் மஞ்சளாக, கொஞ்சம் மங்கலாகத்தான் வரும். அதைக் குறையாக எண்ணித் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

ஷைனிங்

ஐந்தில் வினோதமானது. மஞ்சள் பின்னணி, கறுப்பு எழுத்து, எழுத்துக்குள்ளிருந்து புள்ளிபுள்ளியாக எட்டிப்பார்க்கும் ஒரு முகம். வடிவமைத்தவர் சால் பாஸ், ஆட்டிவைத்தவர் படத்தின் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக். பாஸ் அனுப்பிய வரைவுகளின் மேல் குப்ரிக் கைப்பட எழுதிய குறிப்புகள் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. ஒன்றில் புதிர்ப்பாதைக்கு அளவுக்கு மீறிய முக்கியத்துவம் என்கிறார். இன்னொன்று அறிவியல் புனைகதைப் படம்போல இருக்கிறதாம். வேறொன்றில் கதை நடக்கும் ஓட்டலே விசித்திரமாகத் தெரிகிறதாம். வடிவமைப்பாளர்கள் மனப்பாடம் செய்யவேண்டிய குறிப்பும் அவற்றில் உண்டு: சின்ன அளவில் தலைப்பு மோசமாக இருக்கிறது. இணையமோ கைபேசியோ இல்லாத காலத்தில் சொன்னது இது. கட்டைவிரல் அகலச் சோதனையை அவர் அன்றே செய்திருக்கிறார்.

கடைசியில் நின்ற வடிவத்தில் தலைப்பும் முகமும் வேறுவேறு அல்ல. படிக்கப்போனால் முகம், முகத்தைப் பார்க்கப்போனால் எழுத்து. மற்ற நான்கு போஸ்டர்களிலும் எழுத்து படத்துக்குத் துணை. இங்கே எழுத்தே படம். முகம் யாருடையது என்று புலப்படாது: ஆணா, பெண்ணா, குழந்தையா, பயப்படுகிறதா, பயமுறுத்துகிறதா? இருட்டையே காட்டாமல் திகிலை வரவழைத்த போஸ்டர் இது. மஞ்சளும் கறுப்பும் சேர்ந்தால் கண் எச்சரிக்கைப் பலகை என்று படித்துக்கொள்ளும்; பிறகு மூளை காரணம் தேடும்.

மறுஅச்சில் இதற்கென்று தனி நோய் ஒன்று உண்டு. முகம் ஏற்கெனவே புள்ளிகளால் ஆனது. அச்சிட்ட தாளை ஸ்கேன் செய்து மறுபடி அச்சிட்டால் அச்சின் புள்ளியும் படத்தின் புள்ளியும் மோதிக்கொண்டு பட்டுப்புடவையில் தெரிவதுபோன்ற அலையலையான கோலம் முகத்தில் விழும். சரியான வழி: முகத்தையும் எழுத்தையும் 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) சாம்பலே இல்லாத தூய கறுப்பு வெள்ளைக் கோடுருவாக ஸ்கேன் செய்வது, மஞ்சளை அடியில் ஒரே சீரான பரப்பாகத் தனியே போடுவது. இப்படிச் செய்த அச்சில் ஒவ்வொரு புள்ளியின் விளிம்பும் கூர்மையாக இருக்கும். சோம்பேறி அச்சில் புள்ளியைச் சுற்றிப் பழுப்பு மயிர் முளைத்திருக்கும்.

மஞ்சளும் பிடிவாதக்கார நிறம். மஞ்சள் 100க்குச் சிறிதளவு மஜெந்தா என்றால் வெதுவெதுப்பாக வரும். மஜெந்தா கூடினால் ஆரஞ்சு, ஓட்டல் மெனு அட்டைபோல ஆகிவிடும். சயான் 3 சதவீதம் கலந்தாலே அழுக்குப் பச்சை தட்டும். முந்தைய வேலையின் நீல மை சரியாகக் கழுவப்படாத இயந்திரத்தில் இது அடிக்கடி நடக்கும். கோடரியால் பிளந்த கதவுக்குள் நடிகர் முகம் நீட்டும் படத்தை ‘ஷைனிங் ஒரிஜினல் போஸ்டர்’ என்று பலர் விற்கிறார்கள். அது காட்சிப்படம், 1980இல் அமெரிக்கத் திரையரங்கில் தொங்கிய மஞ்சள் தாள் அல்ல. அதைப் பிடித்திருந்தால் வாங்கலாம். பாஸின் போஸ்டர் என்று நினைத்து வாங்க வேண்டாம்.

சின்ன வீட்டுக்கு, குறைந்த வெளிச்சச் சுவருக்கு, ஏ3 அளவுக்கு இந்த ஐந்தில் முதல் தேர்வு ஷைனிங். மஞ்சள் மை வெயிலில் வெளுக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்

டான் பெய்லி வடிவமைத்தது. வெளிறிய முகம், நேராக நம்மைப் பார்க்கும் சிவந்த கண், வாயை மூடி உட்கார்ந்த அந்துப்பூச்சி. கண் திறந்திருக்க வாய் அடைபட்டிருப்பதால், பார்த்ததைச் சொல்ல முடியாத ஒருவரைப் பார்க்கிறோம். தலைப்பிலுள்ள மௌனம் படத்தில் பூச்சியாக வந்து உட்கார்ந்துவிட்டது.

பூச்சியின் முதுகிலுள்ள மண்டையோட்டைக் கிட்டத்தில் பாருங்கள். அது பூச்சியின் இயற்கையான குறி அல்ல. 1951இல் ஓவியர் சால்வதோர் தாலியோடு சேர்ந்து ஒளிப்படக்காரர் பிலிப் ஹால்ஸ்மன் எடுத்த படம். ஏழு நிர்வாணப் பெண்களை ஒருவர்மேல் ஒருவராக நிறுத்தி மண்டையோடு செய்திருப்பார். தூரத்திலிருந்து முகம், நெருங்கினால் பூச்சி, இன்னும் நெருங்கினால் மண்டையோடு, மூக்கு தாளில் இடிக்கும்போது பெண்கள். ஒரே தாளில் நான்கு அடுக்கு. பெண்களைக் கொன்று தோலுரிப்பவனின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான ஒளிவிடம் கிடைக்காது.

மறுஅச்சில் கடைசி அடுக்கு முதலில் காணாமல் போகும். ஏ4 அச்சில் மண்டையோடு கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர். 150 டிபிஐ என்றால் அதற்குக் கிடைப்பது சுமார் 60 பிக்சல். ஏழு பெண்கள் அதற்குள் எப்படி நிற்பார்கள்? 27க்கு 40 அங்குலத்தில் 300 டிபிஐயில் எடுத்த அச்சு மட்டுமே இந்தப் போஸ்டருக்கு நியாயம் செய்யும். முகத்தின் வெளிறிய தோலிலும் ஆபத்து உண்டு: 3, 4 சதவீதப் புள்ளிகள் அச்சில் விழாமல் போனால் கன்னம் வெறும் காகித வெள்ளையாகி, முகம் முகமூடியாகிவிடும்.

இந்த ஐந்துக்கு வெளியே

வாங்கத் தகுந்தவை இன்னும் சில. 1968இன் ‘ரோஸ்மேரிஸ் பேபி’யில் பச்சை படிந்த பக்கவாட்டு முகத்துக்கு எதிரே பாறைமேல் நிற்கும் தள்ளுவண்டி, குழந்தை தெரியாது. 1978இன் ‘ஹாலோவீன்’ பூசணிக்காயைக் கத்தி பிடித்த கையோடு கோத்துவிடுகிறது. 1982இன் ‘தி திங்’ ட்ரூ ஸ்ட்ரூசன் ஒரே இரவில் வரைந்தது, முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெளிச்சம் பீறிடும். இவற்றுக்கெல்லாம் முன்னோடி 1920இல் பெர்லின் சுவர்களில் ஒட்டிய, ‘டாக்டர் காலிகாரி’ என்ற ஜெர்மன் மௌனப் படத்தின் விளம்பரம். படமென்றே சொல்லாமல் ‘நீ காலிகாரி ஆகவேண்டும்’ என்று மட்டும் கட்டளையிட்டது.

இன்றைய சந்தையில் வரும் பெரும்பாலான திகில் போஸ்டர்கள் ஒரே வார்ப்பு: நீலப்பச்சைச் சாயம், கண்விழி முழுக்கக் கறுப்பான பெண், முகத்தில் விரிசல், பின்னால் ஒரு பங்களா. பேயை முன்கூட்டியே காட்டிவிடுவதால் பார்ப்பவர் செய்ய வேலை எதுவும் மிச்சமில்லை. நம்மூர் பேய்ப்பட போஸ்டரை இதே தராசில் வைப்பது நியாயமாகாது. சிவகாசியில் அடித்து, பசை தடவிச் சுவரில் ஒட்டி, ஓடும் பேருந்திலிருந்து பார்க்கவேண்டிய தாளுக்கு எக்ஸார்சிஸ்ட் பாணி வெற்றிடம் சரிப்படாது. நாயகன், பேய், காமெடியன் என எல்லா முகமும் பெரிதாக வேண்டியிருக்கிறது. ஆனால் ஓடிடிக்கென்று தனியாகச் செய்யும் டிஜிட்டல் போஸ்டரிலும் அதே முகக்கூட்டத்தை அடைப்பதற்கு என்ன சாக்கு?

வாங்குமுன்

அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அமெரிக்கத் திரையரங்கப் போஸ்டர் 1980களின் நடுப்பகுதிவரை 27க்கு 41 அங்குலம், அதன்பின் 27க்கு 40. நம் கடைகளில் கிடைக்கும் ஏ வரிசைத் தாள் இதைவிட அகல விகிதம். 27க்கு 41 படத்தை ஏ2 தாளின் அகலம் நிறைய வைத்தால் உயரத்தில் ஏறக்குறைய 44 மில்லிமீட்டர் வெளியே நிற்கும். விற்பவர் அதை வெட்டுவார், அல்லது படத்தை நசுக்கிப் பொருத்துவார். வெட்டினால் எக்ஸார்சிஸ்டில் அடியெழுத்து போகும். நசுக்கினால் ஏலியன் முட்டை தக்காளியாகும். பக்கவாட்டில் வெள்ளை ஓரம் விட்டு முழுப்படத்தையும் அச்சிடச் சொல்வதே நல்லது. 24க்கு 36 அளவில் இந்தத் தொல்லை குறைவு.

கோப்பின் அளவையும் கேளுங்கள். 27க்கு 41 அங்குலத்தை 300 டிபிஐயில் அடிக்க 8100க்கு 12300 பிக்சல் வேண்டும். 150இல் பாதி, 4050க்கு 6150. சுவரில் தள்ளி நின்று பார்ப்பதற்கு 150 போதும், சைலன்ஸ் தவிர. ஆயிரம் பிக்சல் அகலப் படத்தை அந்த அளவுக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 37 பிக்சல்தான் தேறும்.

தாள் 170 அல்லது 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கனம்) மேட் ஆர்ட் பேப்பர். பளபளப்புத் தாளில் கறுப்பு ஆழமாகத் தெரியும் என்பது உண்மைதான், ஆனால் எதிரே டியூப்லைட் இருந்தால் எக்ஸார்சிஸ்டின் தெருவிளக்கோடு உங்கள் டியூப்லைட்டும் சேர்ந்து எரியும். மேட் லேமினேஷன் கறுப்பை ஒரு படி வெளுக்கும். ஏலியனுக்கும் எக்ஸார்சிஸ்டுக்கும் வேண்டாம், ஜாஸுக்குப் போடலாம்.

‘ஒரிஜினல்’ என்று சொல்லி விற்றால் மடிப்பைப் பாருங்கள். 1970களின் திரையரங்கப் பிரதிகள் பெரும்பாலும் மடித்தே அனுப்பப்பட்டன: குறுக்கே மூன்று மடிப்பு, நெடுக்கே ஒன்று. மடிப்பே இல்லாத 1973ஆம் ஆண்டுத் தாள் என்றால் சந்தேகப்படலாம். மடிப்பு தெரிந்தாலும் விரலால் தடவிப் பாருங்கள்; மடிப்பையும் சேர்த்துப் புகைப்படமெடுத்து அச்சிட்ட போலிகள் உண்டு, கையில் வழுக்கும். அந்தக் காலப் பிரதிகளின் கீழ் வலது ஓரத்தில் போஸ்டர்களைத் திரையரங்குகளுக்கு விநியோகித்த நேஷனல் ஸ்க்ரீன் சர்வீஸ் நிறுவனத்தின் எண் இருப்பது வழக்கம், முதல் இரண்டு இலக்கம் ஆண்டு. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் ஆஃப்செட் புள்ளிகள் பூக்கோலமாக ஒழுங்காக நிற்கும், இங்க்ஜெட் தூறல்போலச் சிதறியிருக்கும். 1990களில் பரவலான இருபக்க அச்சு வேறு விஷயம். பின்பக்கத்தில் அதே படம் இடவலம் மாறி மெலிதாக இருக்கும், விளக்குப் பெட்டியில் வைத்தால் கறுப்பு வெளிறாமலிருக்க. அது போலியின் அடையாளமல்ல, திரையரங்கப் பிரதி என்பதற்குச் சாதகமான அறிகுறி.

குழாயில் சுருட்டி வந்த தாளை எதிர்ப்பக்கம் சுருட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள். கலவைக் கறுப்பில் மை வெடித்து வெள்ளைக் கோடு விழும். சுத்தமான தாளுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு நாள் விட்டால் தானே படியும். ஃபிரேம் போடும்போது கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே அட்டை விளிம்பு வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். சென்னை, தூத்துக்குடி மாதிரி ஈரக்காற்று ஊர்களில் கண்ணாடியில் நேராகப் படிந்த கறுப்பு மை இரண்டொரு மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் மையும் சேர்ந்து வரும். கிழிந்த மூலைக்குச் செலோடேப் கூடாது. பசை சில ஆண்டுகளில் பழுப்பேறித் தாளுக்குள் ஊறிவிடும். பின்பக்கத்தில் மெல்லிய ஜப்பானியத் தாளும் மாவுப்பசையும் போதும்.